அங்கே பறந்தவர் இங்கே பறக்கலாமா?

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து உடன்படிக்கை 1944 டிசம்பர் 7 அன்று சிகாகோவில் கையெழுத்தானது. உலகின் சிவில் விமானங்கள் எல்லாம் இன்று பறப்பது அதன் நிழலில்தான். அதன் 32-ஆம் பிரிவுக்கு இரண்டு பகுதிகள். முதல் பகுதி எவரும் எதிர்பார்ப்பது: நாடு விட்டு நாடு பறக்கும் விமானத்தை ஓட்டுபவரிடம், அந்த விமானம் பதிவான நாடு வழங்கிய அல்லது அந்த நாடு ஏற்றுக்கொண்ட தகுதிச் சான்று இருக்க வேண்டும். இரண்டாம் பகுதிதான் நம்மை நிமிர்ந்து உட்கார வைக்கிறது. தன் குடிமகனுக்கு வேறொரு நாடு கொடுத்த சான்றை, தன் மண்ணுக்கு மேலே பறப்பதற்கு ஏற்க மறுக்கும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு என்கிறது அது.

வேற்று நாட்டு விமானி ஒருவர் தம் நாட்டு விமானத்தில் சென்னை மீனம்பாக்கத்துக்கு வந்து இறங்கும்போது, அவருடைய சான்று குறைந்தபட்சத் தரத்தோடு ஒத்திருந்தால் அதை ஏற்க வேண்டும் என்று 33-ஆம் பிரிவு சொல்கிறது. வெளியே போய்க் கற்றுவிட்டு வீடு திரும்பும் சொந்தப் பிள்ளையிடம் மட்டும் நாடு இன்னொரு முறை கேள்வி கேட்கலாம். இது சட்ட நுணுக்கம்போலத் தோன்றினாலும், அதற்குள் மிகப் பழைய ஒரு தத்துவக் கேள்வி இருக்கிறது. ஓரிடத்தில் மெய்ப்பிக்கப்பட்ட அறிவு, இடம் மாறினால் மறுபடியும் மெய்ப்பிக்கப்பட வேண்டுமா?

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்தில் வளரும் பிள்ளைகளுக்கு விமானச் சத்தம் தாலாட்டு மாதிரி. ஒரு பக்கம் மீனம்பாக்கத்துக்கு இறங்கும் பயணிகள் விமானங்கள். இன்னொரு பக்கம் தாம்பரம் விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானங்கள். அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவர்களில் சிலர் பின்னாளில் வேலைக்காக அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போகிறார்கள். அங்கே சனி, ஞாயிறுகளில் சிறு விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, தனியார் விமானி லைசென்ஸோடு ஊர் திரும்புகிறார்கள். இங்கே வந்ததும் அந்த அட்டை நேரடியாகச் செல்லாது. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்திடம், அதாவது டிஜிசிஏவிடம், அதை இந்திய லைசென்ஸாக மாற்றியாக வேண்டும்.

மாற்றுவதற்கு என்னென்ன வேண்டும்? பத்தாம் வகுப்புத் தேர்ச்சிச் சான்று. டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனை. இந்திய விமான விதிமுறைகள் குறித்த தேர்வில் நூற்றுக்கு எழுபது மதிப்பெண். வானொலியில் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசுவதற்கான தனி உரிமம். பறந்த நேரங்களைப் பதிந்த லாக்புக். அண்மையில் பறந்ததற்கான சான்று. இவற்றோடு, லைசென்ஸ் உண்மையானதுதான் என்று அதை வழங்கிய வெளிநாட்டு அமைப்பிடமிருந்தே உறுதிப்படுத்தும் பதில். நுணுக்கங்கள் காலத்துக்குக் காலம் திருத்தப்படும். 1934-ஆம் ஆண்டு விமானச் சட்டத்தின் இடத்துக்கே 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் அதினியம் என்ற புதிய சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் மேலே சொன்னவற்றின் சாரம் மாறவில்லை.

திரும்பி வந்தவரின் மனக்குறை புரிந்துகொள்ளக் கூடியது. உடன்படிக்கையின் முதல் இணைப்பு விதிகள் உலகத்துக்கே பொதுவானவை. குறைந்தது 40 மணி நேரப் பறத்தல். அதில் 10 மணி நேரம் தன்னந்தனியாக. அந்தப் பத்தில் 5 மணி நேரம் ஊர் விட்டு ஊர். அதிலும் ஒரு பயணம் 270 கிலோமீட்டருக்குக் குறையாமல், இரண்டு வேறு விமானத் தளங்களில் இறங்கி எழுந்ததாக இருக்க வேண்டும். இதையெல்லாம் செய்து முடித்துவிட்டுத்தான் அவர் வந்திருக்கிறார். இறக்கையைத் தூக்கிப் பிடிக்கும் காற்றுக்கு நாடு கிடையாது. டொராண்டோவில் பக்கக் காற்றைச் சமாளித்த கை, தாம்பரத்தில் மட்டும் தடுமாறுமா?

இந்தக் கேள்வியை இந்தியத் தத்துவ மரபு மிக ஆழமாக விவாதித்திருக்கிறது. மீமாம்சகர்கள் ஒரு பக்கம். நியாய மரபினர் மறுபக்கம். ஏழாம் நூற்றாண்டு அளவில் வாழ்ந்த குமாரிலபட்டரின் வழிவந்த மீமாம்சகர்கள் சொன்னது இது: அறிவு எழும்போதே தன் மெய்ம்மையோடுதான் எழுகிறது. பொய் என்று காட்ட வேறு சான்று வரும்வரை அதை மெய்யாகவே கொள்ள வேண்டும். ஓர் அறிவை உறுதிசெய்ய இன்னோர் அறிவு வேண்டுமென்றால், அந்த இன்னொன்றை உறுதிசெய்ய மூன்றாவது வேண்டும். சங்கிலிக்கு முடிவே இராது. மனிதன் ஓரடிகூட எடுத்து வைக்க முடியாது.

நியாய மரபினர் இதை ஏற்கவில்லை. அறிவின் மெய்ம்மை அதற்கு வெளியிலிருந்துதான் தெரிய வரும் என்றார்கள். தொலைவில் தெரிவது தண்ணீரா கானலா என்பது போய்க் குடித்தால் தெரியும். செயல் பலித்தால் அறிவு மெய். பழகிய சூழலில் நாம் ஐயப்படுவதில்லை என்பதை அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். பழகாத சூழலில் ஐயம் எழத்தான் செய்கிறது; அறிவு தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்ளும் என்றால் அந்த ஐயமே எழக் கூடாதே என்பது அவர்களுடைய வாதம்.

சிகாகோ உடன்படிக்கையின் 33-ஆம் பிரிவு மீமாம்சகரின் பக்கம் நிற்கிறது: மறுப்பு வரும்வரை சான்று மெய். 32-ஆம் பிரிவின் இரண்டாம் பகுதி நியாய மரபின் பக்கம் நிற்கிறது: இடம் மாறிவிட்டது, ஆகவே செய்து காட்டு. உலகின் விமானிகள் அனைவரும் இந்த இரண்டு பிரிவுகளுக்கும் நடுவில்தான் பறந்துகொண்டிருக்கிறார்கள்.

தமிழில் இந்த விவாதம் நடந்த இடம் மணிமேகலை. அந்தக் காப்பியத்தின் நாயகிக்கு மணிமேகலா தெய்வம் மூன்று மந்திரங்களைத் தருகிறது. அவற்றில் ஒன்று வான்வழியே செல்லும் ஆற்றல். அந்த ஆற்றலோடு அவள் சாவக நாடு வரை போகிறாள். வஞ்சி நகரில் பல சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்கிறாள். அங்கே அளவைவாதி முதலில் பேசுகிறான். அறிவதற்கான வழிகள் பத்தா, எட்டா, ஆறா என்று வியாசன், கிருதகோடி, சைமினி ஆகியோரின் பெயரால் கணக்குச் சொல்கிறான்.  அவள் யாரையும் அப்படியே ஏற்கவில்லை. பிறகு காஞ்சிக்குச் சென்று, அறவண அடிகளிடம் பௌத்த அளவை நூலைக் கேட்கிறாள். காட்சி, கருத்து என்ற இரண்டை மட்டும் அறியும் வழிகளாகக் கொள்ளும் நூல் அது. அந்த முறையை வகுத்த திங்நாகர் காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்கிறது மரபு. தாம்பரம் அண்மைக்காலம் வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது; 2019-இல்தான் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு மாறியது.

பறக்கும் ஆற்றல் மணிமேகலைக்குத் தெய்வம் தந்த வரம். அதற்கு அவளிடம் யாரும் சான்று கேட்கவில்லை. ஆனால் எது மெய் என்ற கேள்வியில் அவள் எந்த ஊரின் வாக்கையும் சோதிக்காமல் விடவில்லை. பறக்கிறவர்களும் பறக்க விடுகிறவர்களும் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்: ஆற்றலும் அறிவும் ஒரே பொருள் ஆகா. ஆற்றல் உடம்போடு பயணம் செய்யும். அறிவில் ஒரு பகுதி இடத்தோடு கட்டுண்டு கிடக்கும்.

அப்படிக் கட்டுண்டது எது என்று பார்த்தால், பட்டியல் கணிசமாகவே இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் உயரமானியைப் பாதரச அங்குலக் கணக்கில் திருத்துவார்கள், இந்தியாவில் ஹெக்டோபாஸ்கல். அங்கே 18,000 அடி வரை உள்ளூர் காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்வார்கள். இங்கே அதைவிட மிகக் கீழேயே பொது அளவுக்கு மாறிவிட வேண்டும். அமெரிக்காவில் பெரும்பாலான வான்பரப்பில், கண்ணால் பார்த்துப் பறக்கும் சிறு விமானம் பயணத் திட்டம் எதுவும் கொடுக்காமலே கிளம்பலாம். இங்கே பயணத் திட்டம் வேண்டும். அதோடு வான் பாதுகாப்பு அனுமதி எண்ணும் வேண்டும். அங்கே இரவிலும் கண்பார்வை விதிகளின்படி பறக்கலாம். இங்கே சூரியன் மறைந்த 20 நிமிடத்துக்குப் பிறகு விமானத் தளத்தின் சுற்றுவட்டத்தைத் தாண்டி அது கூடாது.

தென்சென்னையின் வானத்துக்கென்று தனிக் குணமும் உண்டு. பயணிகள் விமான நிலையமும் விமானப்படைத் தளமும் சில கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. கோடையில் பகல் ஏறும்போது கடற்காற்று உள்ளே புகுந்து, மேற்கிலிருந்து வீசிய காற்றைத் திருப்பிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாற்று வெள்ளம் மீனம்பாக்கம் ஓடுபாதைக்குள்ளேயே புகுந்து, நிலையத்தைச் சில நாட்கள் மூட வேண்டியிருந்தது. அப்போது அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் விமானங்கள் பறந்தன. ஒண்டாரியோவின் பனியை நன்றாக அறிந்தவருக்கு நவம்பர் மாதத்துச் செங்கல்பட்டு மேகம் அந்நியம்தான். பழகாத சூழல் என்று நியாய மரபினர் சொன்னது இதைத்தான்.

ஆகவே விதிமுறைத் தேர்வு நியாயமானது. அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. பம்மல், அனகாபுத்தூர், பொழிச்சலூர், திரிசூலம் என்று ஓடுபாதைகளைச் சுற்றி நெருக்கமாக வீடுகள். அந்தக் கூரைகளுக்குக் கீழே இருப்பவர்கள் மேலே பறப்பவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவர்கள் சார்பில் யாராவது ஒருவர் கேள்வி கேட்க வேண்டும். தனியார் லைசென்ஸ் வைத்திருப்பவர் கூலிக்குப் பறக்க முடியாது. பறப்பது பெரும்பாலும் அவருடைய சொந்த மகிழ்ச்சிக்கு. ஒருவருடைய மகிழ்ச்சியின் ஆபத்தில் ஒரு பங்கை ஊரே சுமக்கிறது என்றால், அவரைக் கேட்கும் உரிமையும் ஊருக்கு உண்டு.

ஆனால் கேட்கும் உரிமைக்கு எல்லை எங்கே? அங்கேதான் சிக்கல்.

மீமாம்சகர் அஞ்சிய முடிவில்லாச் சங்கிலி விமான வரலாற்றிலும் வந்தது. 1910 மார்ச்சில் சென்னையில் விடுதி நடத்திவந்த ஜியாகோமோ டி ஆஞ்சலிஸ், சிம்ப்சன் நிறுவனத்தில் செய்வித்த விமானத்தைப் பல்லாவரத்தில் சோதித்துப் பார்த்தார். பிறகு தீவுத்திடலில் மக்கள் முன்னால் பறந்து காட்டினார். அவரிடம் லைசென்ஸ் கேட்க அன்று யாரும் இல்லை, பறந்ததே சான்று. அதற்குச் சற்று முன், பிரான்சின் ஏரோ கிளப் முதல் விமானிச் சான்றுகளை வழங்கியது. 1909-இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த லூயி பிளேரியோவுக்கு எண் 1. முதல் சில முன்னோடிகளுக்குத் தேர்வே நடத்தவில்லை. அகரவரிசையில் எண் கொடுத்தார்கள். நடத்துவதென்றால் யார் நடத்துவது? தேர்வாளரைத் தேர்வு செய்ய அன்று எவரும் பிறந்திருக்கவில்லை. அவர்கள் செய்து முடித்த செயலையே சான்றாகக் கொண்டு சங்கிலியின் முதல் கண்ணியைப் பொருத்தினார்கள்.

அதன் பிறகு வந்த ஒவ்வொரு லைசென்ஸும் அந்த முதல் நம்பிக்கையிலிருந்து தொங்குகிறது. இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி லைசென்ஸ் 1929 பிப்ரவரி 10 தேதியிட்டது, பெற்றவர் ஜே.ஆர்.டி. டாட்டா. 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் விமானத்தை அவர் ஓட்டி வந்தார். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதைக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட்; பிரிட்டிஷ் விமானப்படையில் பணியாற்றியவர். டாட்டாவின் அஞ்சல் சேவை சென்னையைத் தொட்டபோது விமானத்தை ஓட்டிய கைகள் வேறு நாட்டில் பழகியவை.

தாம்பரத்திலேயே இதற்கு வாழும் சாட்சி இருக்கிறது. விமானப்படையின் பயிற்றுநர் பள்ளி 1948-இல் அம்பாலாவில் தொடங்கி, 1954-இல் தாம்பரத்துக்கு வந்தது. பறக்கக் கற்றுக்கொடுப்பவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் இடம் அது. நட்பு நாடுகளின் விமானிகளும் அங்கே வந்து பயில்கிறார்கள். தாம்பரத்தில் தேறியவர் தம் நாட்டுக்குத் திரும்பிப் பயிற்றுநராகும்போது, அந்த நாடு தாம்பரத்தின் சொல்லை நம்புகிறது. நம் சொல்லை மற்றவர்கள் நம்ப வேண்டும் என்று எதிர்பார்க்கும் ஊர், பிறர் சொல்லை எப்படி எடைபோட வேண்டும் என்றும் யோசிக்கத்தான் வேண்டும்.

அதற்கு அளவுகோல் தந்திருக்கிறார் நியாய நூலுக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர். யாருடைய வாக்கை நம்பலாம் என்ற கேள்விக்கு அவர் சொல்லும் இலக்கணம் எளிமையானது: பொருளை நேராக அறிந்தவராகவும், அறிந்ததை அறிந்தபடியே சொல்ல விரும்புபவராகவும் இருக்க வேண்டும். இந்த இலக்கணம் முனிவருக்கும், ஆரியருக்கும், மிலேச்சருக்கும் பொது என்று அவர் சேர்த்துச் சொல்கிறார். அயல் மொழி பேசுபவரைத் தாழ்வாக எண்ணிய ஒரு காலத்தில் எழுதப்பட்டது அது. நம்பகமான சொல்லுக்குப் பிறப்பிடம் நிபந்தனை ஆகாது என்று அன்றே ஒருவர் தெளிவாக எழுதி வைத்துவிட்டார். லாக்புக்கின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பயிற்றுநரின் கையெழுத்து இருக்கிறது. அவர் அறிந்தவரா, உண்மை சொல்பவரா என்பதுதான் கேள்வி. அவருடைய கடவுச்சீட்டின் நிறம் கேள்விக்குள் வராது.

உண்மை சொல்பவரா என்ற ஐயத்துக்கு இடம் கொடுத்த நிகழ்ச்சிகளும் நடந்திருக்கின்றன. அவற்றை மறைக்கக் கூடாது. 2011 ஜனவரியில் கோவாவில் பயணிகள் விமானம் ஒன்று முன்சக்கரம் முதலில் தரையில் மோதும்படி இறக்கப்பட்டது. விசாரித்தபோது, மேல்நிலை லைசென்ஸுக்காக அந்த விமானி கொடுத்த மதிப்பெண் சான்று போலி என்று தெரிந்தது. டிஜிசிஏ ஆயிரக்கணக்கான லைசென்ஸ்களைத் திரும்ப ஆராய்ந்தது. மேலும் சிலர் கைதானார்கள். அவை வெளிநாட்டிலிருந்து வந்த போலிகள் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும்; இங்கேயே செய்யப்பட்டவை.

2020 ஜூனில் பாகிஸ்தானின் விமானப் போக்குவரத்து அமைச்சர், தம் நாட்டின் 860 விமானிகளில் 262 பேரின் லைசென்ஸ் சந்தேகத்துக்குரியது என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். ஐரோப்பிய ஒன்றியம் அந்த நாட்டின் தேசிய விமான நிறுவனத்தைத் தடுத்தது. தடை நீங்க 2024 நவம்பர் ஆயிற்று. வியட்நாமில் வேலை பார்த்த பாகிஸ்தானிய விமானிகள் உடனே பறப்பதிலிருந்து நிறுத்தப்பட்டார்கள். சந்தேகப் பட்டியலில் இருந்த பலருடைய லைசென்ஸ் சரியானதே என்று பின்னால் தெரியவந்தது. போலிச் சான்று செய்பவர் திருடுவது ஒரு பதவியை மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. தம்மைப்போல் அதே முத்திரையைத் தாங்கி நிற்கும் நேர்மையானவர்கள் எல்லாருடைய சொல்லையும் அவர் திருடிவிடுகிறார். எனவே, லைசென்ஸ் வழங்கிய நாட்டிடமே கேட்டு உறுதிசெய்யும் நடைமுறை திரும்பி வந்தவருக்கு எதிரானது ஆகாது. அவருடைய அட்டைக்கு மதிப்பைக் காப்பாற்றித் தருவதே அதுதான்.

இடம் மாறினால் சான்றும் மாற வேண்டுமா என்ற இதே கேள்வியைச் சமய உலகம் எப்படித் தீர்த்தது என்று பார்ப்பது உதவும். அதற்கும் தாம்பரத்திலிருந்து வெளியே போக வேண்டியதில்லை. 1937-இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி நகரத்திலிருந்து தாம்பரத்துக்கு வந்தது. மறு ஆண்டு டிசம்பர் 12 முதல் 29 வரை அதன் வளாகத்தில் சர்வதேச மிஷனரி மன்றத்தின் மாநாடு கூடியது. பல நாடுகளிலிருந்து ஏறத்தாழ 470 பிரதிநிதிகள். பிற சமயங்களில் கடவுளின் உண்மை உண்டா என்ற பெரிய வாக்குவாதம் அங்கே நடந்தது. வேறிடத்தில் கிடைத்த ஒளியை இங்கே ஒளியென்று ஏற்கலாமா என்பதுதான் அதன் உள்ளீடு. இறையியலாளர் ஹென்றிக் கிரேமர் அந்த மாநாட்டுக்காகவே எழுதிய நூலில் கிறிஸ்தவத்துக்கும் பிற சமயங்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை வலியுறுத்தினார். இந்தியக் கிறிஸ்தவச் சிந்தனையாளர்கள் பலர் அதை ஏற்கவில்லை.

அந்தக் காலத்தில் தென்னிந்தியத் திருச்சபைகள் வேறொரு முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தன. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடிய ஊழியர்கள், திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த வி.எஸ். அசரியாவின் முன்முயற்சியில், திருச்சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். ஆங்கிலிக்கன் சபையில் பேராயர் கை வைத்துத்தான் குருப்பட்டம். பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல், மெத்தடிஸ்ட் ஊழியர்கள் பட்டம் பெற்ற முறை வேறு. சபைகள் ஒன்றானால், பேராயர் கை படாதவர்கள் மறுபடியும் பட்டம் பெற வேண்டுமா? பெற வேண்டும் என்றால், இத்தனை ஆண்டுகள் அவர்கள் கொடுத்த திருவிருந்து என்னவாகும்? வேண்டாம் என்றால், ஆங்கிலிக்கன் விசுவாசியின் மனச்சாட்சி என்னவாகும்? பேச்சுவார்த்தை 28 ஆண்டுகள் நீண்டது. 1945-இல் அசரியா மறைந்தார். ஒன்றிப்பை அவர் பார்க்கவில்லை.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அது எடுத்த முடிவு மூன்று அடுக்குகளைக் கொண்டது. ஏற்கெனவே ஊழியம் செய்பவர்களுக்கு மறுபட்டம் கிடையாது. அவர்கள் பெற்றது பெற்றதுதான். இனிமேல் தரப்படும் பட்டம் எல்லாம் பேராயர் கையால் மட்டும். எந்தச் சபையின் மீதும் அதன் மனச்சாட்சி ஏற்காத ஊழியரைத் திணிப்பதில்லை என்று ஓர் உறுதிமொழி. இரு முறையில் பட்டம் பெற்றவர்களும் அருகருகே ஊழியம் செய்ய முப்பது ஆண்டுகள் இடைக்காலமாக வைக்கப்பட்டது. ஸ்காட்லாந்துத் திருச்சபையில் பட்டம் பெற்ற லெஸ்லி நியூபிகின், மறுபட்டம் பெறாமலே அன்று மதுரை–இராமநாதபுரம் பேராயராக அபிஷேகம் பெற்றார்.

அந்த முடிவுக்கு விலை இருந்தது. 1948-இல் லாம்பெத் மாநாட்டில் கூடிய ஆங்கிலிக்கன் பேராயர்களால் தென்னிந்தியத் திருச்சபையின் குருக்களைப் பற்றி ஒருமனப்பட முடியவில்லை. 1955-இல்தான், அதுவும் பேராயர் கையால் பட்டம் பெற்றவர்களை மட்டும், இங்கிலாந்துத் திருச்சபை ஏற்றது. சென்னையில் பீடத்தில் நின்ற ஒருவர் லண்டனில் அதே பீடத்தில் நிற்க முடியாத நிலை. வட இந்தியாவில் 1970-இல் சபைகள் ஒன்றானபோது வேறு வழி எடுத்தார்கள்: ஊழியர்கள் ஒருவர் மீது ஒருவர் கை வைத்து, முன்பு குறைவாக இருந்தது எதுவோ அதை இறைவன் நிறைவாக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார்கள்.

பறக்கும் லைசென்ஸைக் குருப்பட்டத்தோடு சமப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் 1947-இல் எடுத்த முடிவின் வடிவம் எடுத்துக்கொள்ளத் தக்கது. கடந்ததை மதித்தார்கள். இனி வருவதற்கு ஒரே விதி வைத்தார்கள். ஏற்க வேண்டியவர்களின் அச்சத்தையும் கணக்கில் எடுத்தார்கள். இந்த மூன்றில் எது குறைந்தாலும் நீதி குறையும்.

இதே அளவுகோலால் லைசென்ஸ் மாற்றத்தைப் பார்த்தால் நடுவில் ஒரு பழுது தெரிகிறது. பறக்கும் திறமை கையிலும் கண்ணிலும் காதிலும் இருப்பது, பழகாவிட்டால் தேயும். அதனால்தான் அண்மைக் காலத்தில் பறந்த சான்று கேட்கப்படுகிறது. அந்த நிபந்தனை சரியானதே. ஆனால் அயல்நாட்டிலிருந்து உறுதிப் பதில் வர வேண்டும், தேர்வு நாள் வர வேண்டும், கோப்பு நகர வேண்டும் என்று மாதங்கள் கழியும்போது, எந்தத் திறமையைச் சோதிக்க வேண்டுமோ அந்தத் திறமையே காத்திருப்பில் கரைகிறது. காத்திருந்த காலத்தின் குறையைக் காத்திருந்தவர் கணக்கில் எழுதுவது முறையாகாது.

சைவ சித்தாந்தத்தில் இதற்குத் தெளிவான ஒரு பார்வை உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார் அளவை இயலையும் பேசுகிறது. காட்சி, கருதல், உரை என்று அறியும் வழிகளை அது விளக்குகிறது. ஆனால் அவையெல்லாம் கருவிகள். உண்மையில் அளக்கிறது ஆன்மாவின் அறிவாற்றல்தான் என்பது அந்த மரபின் நிலை. லாக்புக், மதிப்பெண், முத்திரை எல்லாம் அப்படிப்பட்ட கருவிகளே. அளந்து முடிவு சொல்ல வேண்டியது, விமானத்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பார்க்கும் ஓர் அனுபவசாலியின் விழிப்பான அறிவு. ஒரு மணி நேரச் சோதனைப் பறத்தலில் அவர் காண்பதைப் பல மாதக் கோப்பு காட்டாது.

எனவே இந்தக் கேள்விக்கு விடை இப்படித்தான் அமைய முடியும். இடத்தோடு கட்டுண்ட அறிவை, அதாவது இந்திய விதிகள், பருவமழை, வான்பரப்பு, வானொலி நடைமுறை ஆகியவற்றை, இங்கே கட்டாயம் சோதிக்க வேண்டும். அதில் சலுகை கூடாது. தாளின் உண்மையை வழங்கியவரிடமே கேட்டு உறுதிசெய்ய வேண்டும். அந்தக் கேள்வி விண்ணப்பம் வந்த வாரத்திலேயே போக வேண்டும். பதிலுக்கு ஒரு கெடு வேண்டும். இடத்தைக் கடந்த திறமையை ஒரு சோதனைப் பறத்தலில் பார்த்துவிட்டு, கண்டபடியே ஏற்க வேண்டும். பழகாத இடத்தில் எழும் ஐயத்துக்கு நியாயம் உண்டு. பழகிய பிறகும் தொடரும் ஐயத்துக்கு மீமாம்சகரிடமும் இடமில்லை, நியாய மரபிலும் இடமில்லை.

திரும்பி வருபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அங்கிருந்து கிளம்பும் முன்பே லாக்புக்கில் பயிற்றுநரின் கையெழுத்துகள் முழுமையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். உங்கள் லைசென்ஸைச் சரிபார்த்துப் பதில் அனுப்பும் முறை என்ன என்று அந்த நாட்டு அலுவலகத்திடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இங்கே வந்ததும் விதிமுறைத் தாளை ஊரைப் படிக்கும் வாய்ப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பு நகரும் மாதங்களில் உள்ளூர்ப் பயிற்றுநர் ஒருவரோடு உட்கார்ந்து பறந்து கைப்பழக்கத்தைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். பம்மலிலும் பொழிச்சலூரிலும் மொட்டை மாடியில் துணி உலர்த்துபவர்கள் உங்களிடம் எதிர்பார்க்கும் உரிமையுள்ளது அவ்வளவுதான். அதைச் செய்து முடித்தவரை அதற்கு மேலும் காக்க வைக்க எந்த அலுவலகத்துக்கும் நியாயம் கிடையாது.